கிரெடிட் கையில இருக்கு... காலேஜ் ஏத்துக்குமா?

அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர், வீட்டில் திடீர் கல்யாணம், ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட முடியாத நிலைமை... டிகிரி பாதியில் இருக்கும்போது ஊர் மாற எத்தனையோ காரணம் வரும். ஆனா, புது ஊரில் இருக்கும் அரசுக் கல்லூரியில் சீட் காலியா இருந்தாலும் அடுத்த தலைவலி ரெடியா காத்திருக்கும். இதுவரைக்கும் பாஸ் பண்ணின பேப்பரெல்லாம் அங்க செல்லுமா?

‘அதுக்குத்தான் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் இருக்கே’ என்பீர்கள். 2021-ல் யு.ஜி.சி விதிமுறைகளோடு தொடங்கப்பட்ட டிஜிட்டல் கணக்கு அது. நீங்க முடிக்கிற ஒவ்வொரு பேப்பருக்கான கிரெடிட்டும் உங்க பேர்ல சேரும். அதிகபட்சம் 7 வருஷம் வரை செல்லும். டிகிரி தரும் நிறுவனத்தில் குறைந்தது 50% கிரெடிட் வாங்கியிருந்தா போதும், மீதியை வேறு இடத்திலிருந்து கொண்டு வரலாம். கேட்க சூப்பரா இருக்குல்ல?

சிக்கல் எங்கேன்னா, 500 ரூபாய் நோட்டு எந்தக் கடையிலும் செல்லும். கிரெடிட் அப்படியில்லை. உங்க கணக்குல எவ்வளவு இருக்குன்னு மட்டும்தான் இந்த பேங்க் சொல்லும். அதை எந்தப் பேப்பருக்குப் பதிலா வெச்சுக்கலாம்னு முடிவு பண்றது, நீங்க சேரப்போகும் இடம்.

ஒரு பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டரில் வரும் புள்ளியியல், இன்னொன்றில் மூன்றாவது செமஸ்டரில் வரலாம். இங்கே 5 கிரெடிட், அங்கே 4 கிரெடிட். மொத்தக் கணக்கும் வேற. யு.ஜி.சி-யின் புதிய கட்டமைப்பில் மூன்று வருட டிகிரிக்கு 120 கிரெடிட். தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்கள் கேட்பது 140. விளைவு? ஒரு அரியர்கூட இல்லாதவர், ஊர் மாறினதுக்காக நாலைந்து பேப்பரை முதலிலிருந்து எழுதணும். அதற்கான ஃபீஸும் அவர் தலையில்தான்.

2023-ல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் கொண்டு வந்தபோது, கல்லூரி மாறுவது சுலபமாகும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ‘எங்க சுதந்திரம் போயிடும்’ என்று தன்னாட்சிக் கல்லூரிகள் தரப்பில் எதிர்ப்பு வந்தது. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா, கிரெடிட் மாற எல்லாரும் ஒரே சிலபஸ் நடத்தணும்னு அவசியமே இல்லை. எந்தப் பேப்பருக்கு எது சமம்னு முன்கூட்டியே பட்டியல் போட்டாலே போதும்.

ஐரோப்பாவில் ஒரு வருஷப் படிப்புக்கு 60 கிரெடிட் என்று பொதுக்கணக்கு உண்டு. நாடு விட்டு நாடு போகிறவர்களுக்காக 1997-ல் உருவான லிஸ்பன் ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேல. ஒருத்தர் படிச்சதை ஏற்க மறுத்தா, பெரிய வித்தியாசம் இருக்குன்னு நிரூபிக்கிற பொறுப்பு மறுக்கிற நிறுவனத்துக்குத்தான். இங்கே சிலபஸ் நகலைத் தூக்கிக்கிட்டு துறைத் தலைவர், பதிவாளர் அலுவலகம்னு அலையிறது மாணவர்தான்.

ஒரு வருஷம் முடித்தால் சர்டிஃபிகேட், ரெண்டு வருஷம் முடித்தால் டிப்ளமோ வாங்கிக்கொண்டு வெளியேறலாம் என்கிறது தேசிய கல்விக் கொள்கை. இது இடைநிற்றலைத்தான் வளர்க்கும் என்ற எதிர்ப்பு தமிழ்நாட்டில் பலமாக இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனா படிப்பை விட்டு வெளியேறுவது வேற, இடம் மாறிப் படிப்பைத் தொடர்வது வேற. பழைய கிரெடிட் செல்லாதுன்னா, ‘போதும்ப்பா’ன்னு வீட்டிலேயே நிறுத்திடுவாங்க. முதல் தலைமுறைப் பட்டதாரிக் குடும்பங்களில் அந்த முடிவுக்கு ரொம்ப நேரம் ஆகாது. இடைநிற்றலை எதிர்க்கிற மாநிலம், இந்தக் கதவைத்தான் முதலில் திறக்கணும்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள் சமநிலைப் பட்டியல், விண்ணப்பத்துக்குப் பதில் சொல்லக் காலக்கெடு, மறுத்தால் எழுத்துபூர்வமான காரணம். இந்த மூன்றுக்கும் புதுக் கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை.

அதுவரைக்கும் ஒரு விஷயம். ஊர் மாறணும்னா டி.சி வாங்குறதுக்கு முன்னாடியே, முடிச்ச பேப்பர்களின் சிலபஸை கல்லூரி முத்திரையோடு வாங்கி வெச்சுக்கோங்க. எத்தனை பேப்பரை ஏத்துக்குவாங்கன்னு புதுக் கல்லூரியில் எழுதிக் கேளுங்க. பதில் கைக்கு வந்த பிறகு பெட்டியைக் கட்டுங்க!