வருமான வரி இல்லையாம், யாருக்கு?

ஆரணியில் பட்டுக் கடைகளுக்கும் நெசவுக் குடும்பங்களுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். “சார், துபாயில் வருமான வரியே கிடையாதாமே?” என்று கேட்டுக்கொண்டு வரும் இளைஞர்கள் இப்போது அதிகம். ஏஜென்ட்டுகள் முதலில் சொல்லி அனுப்புவதே அதைத்தான்.

உண்மைதான். அமீரகம், சவுதி, குவைத், கத்தார், பஹ்ரைனில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஓமன் மட்டும் 2028 முதல், ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் வரும் வருமானத்தில் 5 சதவீதம் வாங்கப்போகிறது. ஆனால் சேவூரிலோ ஒண்ணுபுரத்திலோ தறிக்காரர் வீட்டுப் பையனுக்கு இதனால் என்ன லாபம்?

அண்மையில் ஒரு பையன் கொண்டுவந்து காட்டிய வேலைக் கடிதத்தில் மாதச் சம்பளம் 1,200 திர்ஹாம். நம் பணத்தில் ஏறக்குறைய 28,000 ரூபாய். வருடத்துக்கு மூன்றரை லட்சம்கூட ஆகாது. இதே சம்பளத்தை ஆரணியில் வாங்கினாலும் அவர் ஒரு பைசா வருமான வரி கட்ட வேண்டியதில்லை. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை சம்பாதிப்பவருக்கே வரி கிடையாது. அவருடைய அப்பா குழித்தறியில் உட்கார்ந்து வாங்கிய கூலிக்கு என்றைக்கும் வருமான வரி வந்ததில்லை. குடும்பம் கட்டுவதெல்லாம் கடையில் வாங்கும் பொருளோடு சேர்ந்து போகும் ஜி.எஸ்.டி.தான்.

சென்னையில் 30 சதவீத வரம்பில் இருக்கும் கம்ப்யூட்டர் இன்ஜினீயருக்குக் கணக்கு வேறு. அவர் வளைகுடா போனால் உண்மையிலேயே மிச்சம். அவருக்குப் பொருந்தும் பேச்சை நெசவாளி மகனிடம் சொல்லிப் பணம் கறப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது சட்டம். அந்தப் பையனிடம் கேட்டதோ லட்சத்துக்கு மேல். அம்மாவின் நகை அடகுக்குப் போய்விட்டது. அந்த வட்டி எந்த வரியைவிடவும் கனமானது.

வரி இல்லை என்ற நாட்டிலும் வேறு பெயரில் பணம் போகிறது. அமீரகத்தில் 2018 முதல் பொருள்களுக்கு 5 சதவீத வாட். சவுதியில் 2020 ஜூலை முதல் அது 15 சதவீதம். அங்கே மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ள, தலைக்கு மாதம் 400 ரியால் வீதம் 1,200 ரியால் கட்ட வேண்டும். எத்தனை வருடம் உழைத்தாலும் சாதாரணத் தொழிலாளிக்குக் குடியுரிமை கிடைப்பதில்லை. வேலை போனால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

போகாதே என்று நான் யாரையும் தடுக்கவில்லை. தறிக்கூலி கட்டுப்படியாகாததால்தான் போகிறார்கள், அது நியாயமான காரணம். ஆனால் கேட்க வேண்டியது வரியைப் பற்றியல்ல. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் உண்டா, தங்குமிடம் யார் செலவு, ஒப்பந்தம் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகிறதா, இவற்றைக் கேளுங்கள். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். விசிட் விசாவில் அனுப்பி அதைத் தாண்டவைக்கும் ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்காதீர்கள்.

தமிழக அரசுக்கென்றே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அதன் அலுவலகம் சென்னையில். ஏஜென்ட் எங்கள் தெருவுக்கே வருகிறார். அந்த நிறுவனமும் மாதம் ஒரு நாள் ஆரணிக்கு வந்து உட்கார்ந்து, பையன்கள் கொண்டுவரும் வேலைக் கடிதங்களைப் படித்துச் சொல்ல வேண்டும்.