நம் கழிவுநீர் யார் வாசலுக்குப் போகிறது?

செம்பாக்கம் ஏரியைக் கெடுத்தவர் யார் என்று கேட்டால், நம் பகுதியில் எவரும் தயங்காமல் விடை கூறுவர்: அரசு, மனை வணிகர், ஆக்கிரமிப்பாளர். மூவர் மீதும் குற்றம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு பெயர் எப்போதும் விடுபட்டுப் போகிறது. அது நம் பெயர். ஏரியில் கலந்த கழிவுநீர் வானத்திலிருந்து பொழியவில்லை. நம் சமையலறையிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் புறப்பட்டது.

ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரியின் நீர் ஒரு காலத்தில் வயல்களுக்குப் பாய்ந்தது. வயல்கள் மனைகளாயின, மனைகளின் சாக்கடை ஏரிக்குத் திரும்பிற்று. ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடியது. 2018ஆம் ஆண்டையொட்டி நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை இணைந்து ஏரியை மீட்கும் முயற்சியில் இறங்கின. தூர் வாரினர், கரையைப் பலப்படுத்தினர், ஆகாயத்தாமரையை அகற்றினர். போற்றத்தக்க பணி. ஆனால் தூர் வாருதல் பழைய சேற்றைத்தான் நீக்கும். நாள்தோறும் நாம் புதிதாக அனுப்பும் கழிவை அது எவ்வாறு நிறுத்தும்?

செப்டிக் டேங்க் கழிவை முற்றிலும் தூய்மையாக்கிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். தவறு. திடப்பொருள் அடியில் தங்கும். கலங்கல் நீர் மேலே வழியும். அந்நீர் உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் இறங்க வேண்டும். நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும் மழைக்காலத்தில் மண் அதை ஏற்பதில்லை. அப்போது என்ன செய்கிறோம்? அடைமழை இரவில் மோட்டாரைப் போட்டுத் தொட்டி நீரை மழைநீர் வடிகாலில் இறைத்துவிடுகிறோம். மழை எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்ற துணிவு! வடிகால் ஏரிக்குப் போகிறது. மலத்திலும் சலவைத்தூளிலும் உள்ள சத்துகள் ஆகாயத்தாமரைக்கு உரமாகின்றன. அது மூடிய நீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் சாகின்றன.

நான் குடியிருக்கும் அடுக்ககத்திலும் இது நடந்தது. மறுநாள் காலையில் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த ஞாயிறன்று வழக்கம்போல் திருப்பலிக்குச் சென்றோம்.

கழிவு செம்பாக்கத்தோடு நின்றுவிடுவதுமில்லை. இவ்வேரியின் உபரி நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. ராம்சார் உடன்படிக்கையின்படி 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது அச்சதுப்பு நிலம். தமக்கு அடுத்திருப்பவர் யாரெனத் திருச்சட்ட அறிஞர் ஒருவர் ஆண்டவரிடம் வினவிய வரலாற்றை நாம் அறிவோம். நம் ஊரில் அவ்வினாவுக்கு நீரோட்டமே விடை தருகிறது. நாம் வெளியேற்றும் நீர் எவர் வாசலில் போய் நிற்கிறதோ, அவரே நமக்கு அடுத்திருப்பவர்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய நாள்களில் மேட்டில் வாழ்வோரின் கழிவும் வெள்ளத்தோடு சேர்ந்து, தாழ்வான தெருக்களில் வாழும் எளியோரின் அடுப்படிக்குள் புகுகிறது. மழையைச் சாக்கடையாக்கி அனுப்பிய நாம், 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தோம். ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை பெறும் சென்னையில், 1,000 சதுர அடி மாடியில் மட்டும் ஏறத்தாழ 1,30,000 லிட்டர் நீர் விழுகிறது. 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகள் பத்துக்கும் மேற்பட்டவை கொண்டுவரும் நீர் அது. இறைவன் இலவசமாக அளித்ததை வடிகாலில் விட்டோம். பின்பு விலை கொடுத்து வாங்கினோம்.

‘வரி கட்டுகிறோம், பாதாளச் சாக்கடை அமைப்பது அரசின் கடமையன்றோ?’ என்பர். கடமைதான். விடாமல் கேட்கவும் வேண்டும். 2021 நவம்பரில் செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. கேட்பதற்குரிய இடம் நமக்குத் தெரியும். ஆயினும் அரசு தன் கடமையில் தவறியது, அடுத்தவர் வாசலில் மலநீரை இறைக்க நமக்கு உரிமை அளிக்குமா? ‘ஒரு வீடு திருந்தி என்ன பயன்?’ என்பாரும் உளர். ஒவ்வொரு வீடும் இதையே சொல்லித்தான் ஏரி கெட்டது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் சூழலியல் மனமாற்றத்தை வேண்டினார். குப்பையைத் தரம் பிரித்தல், நீரைச் சிக்கனமாகச் செலவிடல் போன்ற அன்றாடச் செயல்களையும் அதில் எடுத்துரைத்தார். நாம் அளித்த பதில் என்ன? ஆண்டுக்கொரு மரக்கன்று நடுவிழா, ஒரு பதாகை, ஒரு நிழற்படம். கோடையில் அக்கன்றுக்கு நீர் ஊற்ற ஆளில்லை. எத்தனையோ ஆலய வளாகங்களில் மழைநீர் இறங்க ஒரு சாண் மண் இல்லை. எல்லாம் சிமெண்டுக் கல். திருவிழா இரவில் குவியும் தட்டுகளிலும் குவளைகளிலும், 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா?

விழாக்கள் போதும். அடுத்த அன்பியக் கூட்டத்தில் ஒவ்வொரு குடும்பமும் மூன்று கேள்விகளுக்கு உண்மையான விடை கூறட்டும். நம் தொட்டி கடைசியாக எப்போது காலி செய்யப்பட்டது? அதிலிருந்து வழியும் நீர் எங்கே போகிறது? சமையற்கழிவு எங்கே போகிறது? தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற ஊர்தியைக் கொண்டு காலி செய்ய வேண்டும். உள்ளே மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதனினும் மேலாக, பாவம். குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் வாழைக்கும் கல்வாழைக்கும் பாய்ச்சலாம். காய்கறிக் கழிவை உரமாக்கலாம். உறிஞ்சுகுழி அமைக்க வசதியற்ற குடும்பத்திற்கு, திருவிழா வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் பணத்திலிருந்து பங்கு உதவலாம்.

ஒப்புரவு அருளடையாளத்திற்குச் செல்லுமுன் மனச்சான்றை ஆய்வு செய்கிறோம். இனி அதற்கு முன்னதாக வீட்டின் பின்புறம் சென்று, கழிவுக் குழாய் எங்கே முடிகிறது என்றும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம்.