முன் அனுபவம் உண்டா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சென்னையிலுள்ள பெரிய நூலகம் ஒன்றில் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறேன் என்றதும் நண்பர்கள் சிரித்தனர். "வேதியியல் படிப்பவனுக்கு நூலகத்தில் என்ன வேலை? புத்தகத்தைத் தூசி தட்டவா?" என்றனர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறுவதும், அதனினும் பெரிய கேள்வி ஒன்றை எழுப்புவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரக்கூழிலிருந்து காகிதம் செய்யத் தொடங்கியபோது, மை ஊறிப் பரவாதிருக்கப் படிகாரமும் ரோசினும் சேர்த்தனர். அதனால் காகிதத்தில் தங்கிய அமிலம் செல்லுலோஸ் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. பழைய புத்தகங்கள் பல பழுப்பேறி, தொட்டால் நொறுங்குவது இதனால்தான். இந்த அமிலத்தைக் கால்சியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்தால் நடுநிலையாக்கலாம். ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டும் பிப்பெட்டும் கொண்டு நாம் செய்யும் அதே வினைதான் அங்கே ஒரு நூலின் ஆயுளை நீட்டுகிறது. அறிவியல் மாணவனுக்கு நூலகத்தில் வேலை உண்டு.

இரண்டாம் கேள்வி விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறது: "முன் அனுபவம் உண்டா?" எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அனுபவம் பெறவே விண்ணப்பிக்கும் ஒருவனிடம் அனுபவம் கேட்பது, நீச்சல் கற்றபின் கிணற்றில் இறங்கு என்பது போலன்றோ?

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன் கணித ஆசிரியர். 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்தபோது அவர் நூலகப் பயிற்சி பெற்றவரல்லர். பொறுப்பேற்ற பிறகே இலண்டன் சென்று பயின்றார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும் 1933இல் கோலன் பகுப்பு முறையையும் உலகுக்குத் தந்தார். இன்றைய படிவம் அன்று அவர் கையில் கிடைத்திருந்தால், அனுபவக் கட்டத்தில் அவரும் கோடுதான் போட்டிருப்பார்!

நான் கோடு போடவில்லை. விடுமுறைதோறும் அப்பாவோடு செங்கல் சூளையில் கல் அடுக்கியதையும், வண்டிக்கு இத்தனை கல் என்று எண்ணி நோட்டில் கணக்கு வைத்ததையும் எழுதினேன். அடுக்குவதும் எண்ணுவதும் பதிவதும் நூலக வேலையின் அடிப்படை அல்லவா?

அனுபவத்தினும் பெரிய தடை பணம். அந்தப் பயிற்சிக்கு ஊதியமில்லை. சென்னையில் இரண்டு மாதம் தங்க அறை வேண்டும். சாப்பாடும் பஸ் கட்டணமும் வேண்டும். கோடைதான் சூளைக்குப் பருவம். அந்தக் கூலியையும் இழக்க வேண்டும். அழைப்பு வந்தால் அதை எப்படி ஈடுகட்டுவது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. சென்னையில் வீடுள்ளவர்க்கு இது பயிற்சி. எங்களைப் போன்றோர்க்கு இது செலவு. யாரும் நம்மைத் தடுக்கவில்லை. ஆயினும் நுழைய முடியவில்லை.

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. நூலகத்தின் படியேறாத ஏழையும் தன் வீட்டு வரி ரசீதின் வழியே அதற்குப் பங்கு செலுத்துகிறார். அவர் பிள்ளைக்கு உள்ளே ஓர் இடம் வேண்டாமா?

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. பயிற்சி பெறுவோர்க்கு உணவுக்கும் இருப்பிடத்துக்குமாவது உதவித்தொகை தர வேண்டும். அது இயலாவிடில், மாவட்ட மைய நூலகங்களிலேயே பயிற்சி நடத்தலாம். நாங்கள் வீட்டிலிருந்தே போய்வருவோம். பேராசிரியப் பெருமக்கள் முதல் மதிப்பெண் பெறுவோர்க்கு மட்டுமன்றி, கேட்கத் தயங்கிக் கடைசி பெஞ்சில் அமர்ந்திருப்போரையும் அழைத்துப் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை அறிவிப்பைக் கண்டால் படித்துவிட்டு நகராதீர்கள், படிவத்தை வாங்குங்கள். நீங்கள் செய்த வேலை எதுவாயினும் அதை அனுபவக் கட்டத்தில் எழுதுங்கள். நம்மில் பத்துப் பேர் அப்படி எழுதினால்தான், படிவத்தில் எதைக் கேட்பது என்று அவர்களும் மறுபடி எண்ணிப் பார்ப்பார்கள்.