எது முதல் பதிப்பு?



அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' ஆங்கில நூல் பழைய புத்தகக் கடையில கிடைக்குது. முகப்புத்தாள் இல்லை. எந்தப் பதிப்புன்னு எப்படிச் சொல்றது?

உள்ளே புரட்டுங்க. லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல் கேட்க அஞ்சி ரத்து செய்த உரை இது. 1936 மே மாதம் அம்பேத்கரே 1500 படிகள் அச்சிட்டார். காந்தியின் மறுப்பு ஜூலையில்தான் 'ஹரிஜன்' இதழில் வந்தது. ஆகவே அந்த மறுப்பும் அம்பேத்கரின் பதிலும் உள்ளே இருந்தால் அது முதல் பதிப்பல்ல; 1937இன் இரண்டாம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ. 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையும் சேர்ந்திருந்தால் 1944க்கு முந்தியதல்ல.

சேகரிக்கிறவன் முதல் பதிப்புக்குத்தான் விலை வைப்பான். நமக்கோ காந்திக்குப் பதில் சொன்ன இரண்டாவதும் வேணும். வாதம் வளர்ந்த வழி அதுலதான் தெரியுது.

நம்ம வெளியீடுகளையும் நாளைக்கு ஒருத்தர் தேடுவார். ஆண்டும் பதிப்பும் போடாம ஒரு துண்டறிக்கைகூட அச்சுக்குக் கொடுக்காதீங்க.