தோளில் ஒரு துளை

பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த ஜாயின்ட் இரண்டே இரண்டு. ஜாயின்ட் அக்கவுன்ட், ஜாயின்ட் ஸ்டாக் கம்பெனி. மூன்றாவதாகத் தோள்பட்டை ஜாயின்ட்டை அறிமுகம் செய்து வைத்தவர் என் அக்கா வீட்டுக்காரர். சட்டை போட அவருக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்து ஒரு வருஷமாச்சு. 'கீஹோல் ஆபரேஷன் சார், ரெண்டு மூணு சின்னத் துளை, மறுநாள் வீடு' என்று ஓர் ஆஸ்பத்திரியில் சொல்ல, பெண் கல்யாணத்துக்குப் போட்ட ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்கக் கிளம்பிவிட்டார்.

"பத்திரிகையில எழுதறவனாச்சே மாப்ளே, நாலு இடத்துல விசாரிச்சுச் சொல்லேன்."

விசாரித்தேன். சுமார் 4 மி.மீ. குழாய், அதில் காமிரா. உப்புத் தண்ணீர் விட்டு மூட்டை உப்ப வைத்து, டி.வி.யைப் பார்த்தபடியே உள்ளே வேலை. பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் ஜப்பானின் கெஞ்சி தகாகி. 1918-ல் இறந்த ஒருவரின் முழங்காலுக்குள், சிறுநீர்ப்பையைப் பார்க்கிற குழாயை விட்டு எட்டிப் பார்த்தார் மனிதர்!

கிழிந்த தசைநாரைத் தைக்க, அடிக்கடி நழுவும் தோளை இழுத்துக் கட்ட, இது பிரமாதம். மாமா கேஸ் வேறு. குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது. பிசிறை வழிக்கலாம், உதிரித் துண்டுகளைப் பொறுக்கலாம். தேய்ந்ததை முளைக்க வைக்க முடியாது. ஒட்டடை அடித்தால் சுவர் விரிசல் மூடிக்கொள்ளுமா? சிலருக்குக் கொஞ்ச காலம் வலி குறையும். ரொம்ப முற்றினால் செயற்கை மூட்டு. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் இதைத்தான் சொல்லி, மாத்திரையும் பிசியோதெரபியும் எழுதிக் கொடுத்தார். டெபாசிட் பிழைத்தது.

ஹூஸ்டனில் வம்பான ஒரு சோதனை செய்தார்கள். முழங்கால் தேய்ந்த 180 பேர். சிலருக்கு நிஜ ஆபரேஷன், சிலருக்குத் தோலைக் கீறித் தைத்ததோடு சரி. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. 2002-ல் வந்த முடிவு: இரண்டு வருஷம் கழித்தும் வலியில் வித்தியாசம் இல்லை!

முழங்கால்தானே என்கிறீர்களா? பிரிட்டனில் தோளிலேயே பார்த்துவிட்டார்கள். தேய்மானம் அல்ல, கை தூக்கினால் மேலெலும்புக்கு அடியில் வலிக்குமே, அது. 32 ஆஸ்பத்திரி, 313 பேர், ரிசல்ட் 2017-ல். எலும்பைச் சீவிக்கொண்டவர்களுக்கும், காமிராவை விட்டு சும்மா பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே பலன். வலி குறைந்தது நிஜம். கத்தியால்தானா என்பதுதான் சந்தேகம்.

ஆகவே தோள் வலிக்காரர்களே, கையெழுத்துப் போடுமுன் 'உள்ளே எதைச் சரி பண்ணப் போறீங்க டாக்டர்?' என்று கேளுங்கள். 'சும்மா கிளீன் பண்ணி விடுவோம்' என்று மட்டும் பதில் வந்தால், ஃபைலை வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.