தலைக்கட்டு வரியும் மாப்பிள்ளை கட்டுற வரியும்

பொங்கலுக்கு வந்த அக்கா மகன் சண்டையோடதான் கிளம்பினான். பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, நல்ல சம்பளம். "நான் 30 சதவீதம் வரி கட்டுறேன். நீங்க ஒத்தப் பைசா கட்டுறதில்ல, கரண்டும் இலவசம். நியாயமா மாமா?"ன்னு கேட்டுட்டான். அப்ப பதில் வரல. பிறகு வரப்புல உக்காந்து யோசிச்சத எழுதுறேன்.

ஒத்தப் பைசாங்கிறது தப்பு. டீசல்ல மத்திய அரசு வரி, மாநில அரசு வரி ரெண்டும் இருக்கு. பூச்சி மருந்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. வெள்ளாமை பொய்ச்ச வருசமும் இதைக் கட்டித்தான் இருக்கேன். அவன் சொல்ற 30 சதவீதமும் மொத்தச் சம்பளத்துக்கு இல்ல. புது முறையில 24 லட்சத்துக்கு மேல போற பணத்துக்கு மட்டும்தான்.

எங்க ஊர்ல திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி, எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. கண்மாய்க்கு அப்படி இல்ல. அப்பா காலத்துல மடை சரி பண்ண, வரத்துக்கால் வெட்ட, ஏக்கர் கணக்குலதான் பிரிப்பாங்க. பத்து ஏக்கர்காரர் பத்துப் பங்கு குடுக்கணும். அரை ஏக்கர்காரர்கிட்ட பணமே கேக்க மாட்டாங்க, மம்பட்டியோட வந்தாப் போதும். அவரு நெல்லு வீட்டுச் சோத்துக்கே சரியாப் போயிரும். பத்து ஏக்கர்காரருக்கு வித்தது போக மிஞ்சும், கண்மாய்த் தண்ணியும் அவருக்குத்தான் கூடப் பாயும். கூடக் குடுத்தவரு முணங்கினதா நான் பாத்ததில்ல. காசு எதுக்குன்னு அவருக்குத் தெரியும். வேலை முடிஞ்சதும் புளியமரத்தடியில கணக்கு வாசிப்பாங்க.

இப்ப அந்த மடை உடைஞ்சு மூணு வருசமாச்சு. நாலு மனு குடுத்தாச்சு. ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸக் கையக் காட்டுது. மாப்பிள்ளை கட்டுற வரி எங்க போகுதுன்னு அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அவன் கோபத்துல பாதி அதுதான்.

அதுக்காக அரசாங்கமே வேணாம்னு பேசுறவங்களோட நான் சேர மாட்டேன். ரேஷன் அரிசியும் அரசுப் பள்ளிக்கூடமும் இல்லைன்னா எங்க வீட்டுப் பிள்ளைங்க படிச்சிருக்காது. கண்மாய், ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நெல் கொள்முதல் இதையெல்லாம் ஒழுங்காப் பாக்கட்டும். மிக்சி எதுக்கு? எங்க பரண்லயும் ஒண்ணு கிடக்கு. அதே மாதிரி வசதிக்காரங்க கூடக் கட்டணும்னாலும் ஒரு அளவு வேணும். 1973-ல உச்ச வரி 97.75 சதவீதமா இருந்துச்சு. நூறு ரூபாய் சம்பாதிச்சா கையில ரெண்டே கால் ரூபாய். அப்படிப் போட்டா எவன் உண்மைக் கணக்கு காட்டுவான்?

மாப்பிள்ளை பேச்சுல ஒண்ண ஒத்துக்கிறேன். அரசியல் சாசனப்படி விவசாய வருமானத்துக்கு வரி போடுற அதிகாரம் மாநிலத்துக்குத்தான். பெரிய நிலக்காரங்களுக்கு வரி போடலாம்னு 1972-லயே கே.என்.ராஜ் குழு சொல்லுச்சு. அது அப்படியே கிடக்கு. வேற தொழில்ல வந்த பணத்த விவசாய வருமானம்னு காட்டுற ஆளுங்க, என்னைப் போல மூணு ஏக்கர்காரன் முதுகுக்குப் பின்னாலதான் ஒளியுறாங்க. அவங்களுக்கு வரி போட்டா எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

பங்குனியில தண்ணி வத்தினதும் மடைய நாங்களே கட்டுறதா பேசி வச்சிருக்கோம், பழையபடி ஏக்கர் கணக்குல. அக்கா பேர்ல இங்க ஒன்றரை ஏக்கர் இருக்கு. பங்குப் பணத்துக்கு மாப்பிள்ளைக்குத்தான் போன் போடணும். எப்படிக் கேக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.