ஓர் அறைக்கு எத்தனை வருடம்?



கணவர் வளைகுடாவில். நீங்கள் பிள்ளைகளோடு இங்கே. இருவருக்கும் நடுவே அரைகுறையாக நிற்கிறது ஒரு வீடு. நமது ஊர்களில் இந்தக் காட்சி புதிதல்ல. அதிலும் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்தே கலியாணம் என்ற வழக்கம் வேரூன்றிய கிழக்கில், மகள் பிறந்தவுடனேயே வாப்பாவின் பயணம் பற்றிய பேச்சும் தொடங்கிவிடுகிறது. இம்மாதம் அந்த வீட்டைப் பற்றியே பேசுவோம்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். கணவர் அனுப்புவதில் சாப்பாடு, பள்ளிச் செலவு, மருந்து எல்லாம் போக மாதம் 40,000 ரூபா மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளானில் இன்னும் ஓர் அறையைக் கூட்டினால் பத்து இலட்சம் கூடும் என்கிறார் மேசன் பாஸ். பத்து இலட்சத்தை 40,000 ஆல் பிரித்துப் பாருங்கள். 25 மாதம்! அந்த ஓர் அறைக்காக உங்கள் பிள்ளைகள் இன்னும் இரண்டு வருடமும் ஒரு மாதமும் வாப்பா இல்லாமல் வளர வேண்டும். அடுத்த வீட்டில் மாடி எழும்பியதென்று நமது வீட்டிலும் மாடி எழுப்பப் புறப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. வீட்டைச் சதுர அடியில் அளப்பது பாஸின் வேலை. வருடத்தில் அளப்பது உங்கள் வேலை.

போட்ட கணக்கும் அப்படியே நடப்பதில்லை. 2020 இல் கொரோனா வந்தது. வேலையிழந்து பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதே வருடம் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. தரை ஓடுகளும் குளியலறைச் சாமான்களும் விலையேறின. 2022 மார்ச்சில் ரூபா சரியத் தொடங்கியது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 53 ரூபா அளவில் இருந்த சவூதி ரியால் 95 ரூபா வரை போனது. அனுப்பும் பணம் பெருகிவிட்டதென்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் 2021 நடுவில் ஆயிரம் ரூபா அளவில் விற்ற 50 கிலோ சீமெந்துப் பை, 2022 இல் மூவாயிரம் வரை ஏறிற்று. ரியாலில் பார்த்தால், 19 கொடுத்து வாங்கிய பைக்கு 31 கொடுக்க வேண்டி வந்தது. பாதியில் நின்ற வீடுகள் பல இப்படி நின்றவையே. அதில் யாருடைய குற்றமும் இல்லை.

தடங்கலை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் தடங்கல் வந்தாலும் வீடு கெடாதபடி கட்டலாம். அத்திவாரம் முடிந்ததும் நிறுத்தலாம். கூரை போட்டதும் நிறுத்தலாம். கூரையில்லாத சுவரை மாரிமழைக்கு விட்டு மட்டும் நிறுத்தாதீர்கள். அடுத்த தவணைப் பணம் வருவது உறுதியில்லை என்றால் சுவர் வேலையைத் தொடங்கவே வேண்டாம். முதலில் இரண்டு அறை, குசினி, மலசலகூடம். இவை முடிந்தால் குடிபுகலாம், வாடகை மிச்சமாகும். மேல்மாடிக்கென்று நீட்டிவிட்ட கம்பிகளைத் துருப்பிடிக்க விடாமல், பிறகு உடைத்தெடுக்கக்கூடிய மெலிந்த கலவையால் மூடச் சொல்லுங்கள். சீமெந்தை மாதக்கணக்கில் வாங்கி அடுக்காதீர்கள். மூன்று மாதம் கடந்தால் அதன் பலம் குறையும். இருக்கும் பைகளைச் சுவரில் முட்டாமல் பலகை மேல் அடுக்குங்கள். கொங்கிரீட் போட்ட பின் குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயாமல் தண்ணீர் விடுங்கள். இதற்குக் காசு தேவையில்லை. ஆனாலும் வேலையாட்கள் போனபின் அதிகம் மறக்கப்படுவது இதுதான்.

காணி யார் பெயரில் இருக்கிறது? இதைக் கேட்கப் பலர் வெட்கப்படுகிறார்கள். கணவர் அனுப்பிய பணத்தில் சகோதரர் பெயரில் உறுதி முடித்துவிட்டு, "பிறகு மாற்றித் தருவார்" என்று இருந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. நமது நாட்டில் காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் சொல்வது அது. வாய்ப்பேச்சை நம்பிக் காணிக்கு உரிமை கோர முடியாது. கணவர் வர முடியாவிட்டால், தூதரகத்தின் மூலம் உங்கள் பெயருக்கே அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பட்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) நமக்குக் கட்டளையிடுகிறது. எழுதிக் கேட்பது உறவை முறிப்பதாகாது. உறவைக் காப்பதே அது.

பாஸுக்கும் அப்படியே. அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு எனப் பிரித்து, ஒவ்வொரு வேலையும் முடிந்த பிறகே அதற்கான பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சீ.ஆர். கொப்பியில் அன்றாடம் வந்த சாமானையும் கொடுத்த காசையும் குறியுங்கள். வெறும் சீமெந்துப் பைகளை எறியாமல் மாலையில் எண்ணுங்கள். எத்தனை பை கலவைக்குப் போனது என்பதை அந்தப் பைகளே சொல்லும்.

கடைசியாக ஒன்று. தொலைபேசியில் எழுந்த சுவரை மட்டும் படம் பிடித்து அனுப்பி, வெடித்த சுவரை மறைக்காதீர்கள். வெயிலில் நிற்கிறவர் கவலைப்படுவாரே என்று மறைப்பது அன்புதான். ஆனால் தெரியாத செலவு பின்னர் சந்தேகமாக வளரும். அவரும் அங்கே வேலை குறைந்ததை, சம்பளம் தாமதித்ததை உங்களுக்குச் சொல்லட்டும். இருவரும் ஒரே கணக்கைப் பார்த்தால்தான், "இந்த அறை வேண்டாம், நான் வந்துவிடுகிறேன்" என்று அவர் சொல்லும் நாளில் உங்களால் மனதார "வாருங்கள்" என்று சொல்ல முடியும்.

பூச்சுப் பூசாத சுவரோடும் ஒரு குடும்பம் சந்தோஷமாக வாழலாம். இன்றிரவே பிளானை விரித்து, ஒவ்வோர் அறையின் மீதும் அதற்குரிய மாதங்களை எழுதிப் பாருங்கள். எதை அழிப்பது என்பது அப்போது தெரிந்துவிடும்.